டோப்போ ஷீட்டில் சரிவு தப்பாக வருகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

டோப்போ ஷீட் எனப்படும் நிலவமைப்பு வரைபடத் தாளில் சம உயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். மலையை ஒரு பார்வை பார்க்க அது போதும். ஆனால் இந்தச் சரிவில் வீடு கட்டலாமா, இந்த ஓடை வழியாக ஏறலாமா, இங்கே வரப்பு போடுவதா அல்லது நிலத்தைப் படிகளாக வெட்டுவதா என்று யாராவது கேட்டால் ஓர் எண் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணுக்குத் தேவை ஒரே ஒரு வகுத்தல்: உயர வேறுபாட்டைக் கிடைத்தூரத்தால் (கிடைமட்டத் தூரத்தால்) வகுக்க வேண்டும். வகுப்பதில் தப்பு செய்பவர்கள் குறைவு. வகுக்க எடுத்த இரண்டு எண்களில் ஏதோ ஒன்று கெட்டிருக்கும், பெரும்பாலும் கீழே இருக்கிற எண், அதாவது தூரம்.

எடுத்துக்காட்டுகளுக்கு இந்திய நில அளவைத் துறையின் 58 ஏ/15 தாளை வைத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம், கல்லாறு, குன்னூர், கோத்தகிரி நான்கும் அந்த ஒரே தாளில் வருகின்றன. பாக்குத் தோப்புச் சமவெளியில் தொடங்கி நீலகிரியின் விளிம்பு வரை எல்லா வகைச் சரிவும் அதில் உண்டு. பழகுவதற்கு இதைவிட நல்ல தாள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். அளவுகோல் 1:50,000. அதாவது தாளில் 1 மி.மீ. என்பது தரையில் 50 மீட்டர். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு உயர இடைவெளி 20 மீட்டர். ஒவ்வொரு ஐந்தாவது கோடும் தடித்திருக்கும். ஆகவே தடித்த கோட்டிலிருந்து அடுத்த தடித்த கோடு 100 மீட்டர்.

இரண்டு கோடுகளுக்கு நடுவே 1 மி.மீ. இருந்தால், 20 மீட்டர் ஏற்றத்துக்கு 50 மீட்டர் கிடைத்தூரம். 20-ஐ 50-ஆல் வகுத்தால் 0.40, அதாவது 40 விழுக்காடு, கோணத்தில் 22 டிகிரி. இதுதான் அடிப்படைக் கணக்கு. இனி இது எங்கெங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம்.

அறிகுறி: எல்லா இடமும் நம்பமுடியாத செங்குத்தாக வருகிறது

தேயிலைத் தோட்டம் இருக்கிற சாதாரணச் சரிவுக்கு 50 டிகிரி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 40 டிகிரி என்று வந்தால், முதலில் கையில் இருக்கும் தாளைச் சந்தேகிக்க வேண்டும். பிடிஎஃப் கோப்பாக இறக்கிய படத்தை வீட்டு அச்சுப்பொறியில் எடுத்திருப்பீர்கள். 15 நிமிடத்துக்கு 15 நிமிடம் பரப்புள்ள தாள் இந்த அட்சரேகையில் ஒரு பக்கம் ஏறத்தாழ 55 செ.மீ. இருக்க வேண்டும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. முழுப் படத்தையும் அதில் அடக்கினால் அளவுகோல் 1:1,40,000-க்குப் பக்கத்தில் போய்விடும். ஆனால் ஓரத்தில் அச்சாகியிருப்பது அதே 1:50,000 தான். நீங்கள் 50 மீட்டர் என்று நினைத்த 1 மி.மீ. உண்மையில் 140 மீட்டர். 14 விழுக்காட்டுச் சரிவை 40 விழுக்காடு என்று எழுதியிருப்பீர்கள்.

சரிபார்ப்பது எளிது. கிலோமீட்டர் கட்டங்கள் அச்சாகியிருந்தால் ஒரு கட்டத்தின் பக்கம் சரியாக 2 செ.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். கட்டம் இல்லாத பழைய தாள் என்றால் ஓரத்தில் குறித்திருக்கும் அட்சரேகையைப் பிடியுங்கள்: 5 நிமிடத்துக்கு 18.4 செ.மீ. வர வேண்டும். வரவில்லை என்றால் விகித எண்ணை மறந்துவிட்டு, படத்தின் அடியில் இருக்கும் கோட்டு அளவுகோலை மட்டும் பயன்படுத்துங்கள். படம் சுருங்கினால் அதுவும் கூடவே சுருங்கும். அதனால் அது பொய் சொல்லாது. கைபேசித் திரையில் பார்ப்பவர்களுக்கும் இதே விதிதான்.

செயலிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. படத்தைப் பெரிதாக்கும்போது சிலவற்றில் 50 மீட்டர் கோடுகள் 20 மீட்டர் கோடுகளாகவும், பிறகு 10 மீட்டராகவும் மாறிவிடும். கண்ணுக்கு அடர்த்தி கூடினதுபோல் தெரியும். மலை அப்படியேதான் இருக்கிறது. அளக்கும் நேரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் இரண்டின் எண்ணையும் படித்து, கழித்துப் பார்த்த பிறகே வகுக்க வேண்டும்.

அறிகுறி: விடை மூன்று மடங்குக்கும் மேல் விலகியிருக்கிறது

3.28 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். பழைய ஒரு அங்குலத் தாள்களில், அதாவது ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்று வரைந்த 1:63,360 தாள்களில், உயரம் அடியில் இருக்கும். நூலகங்களிலும் எஸ்டேட் அலுவலகங்களிலும் இன்றும் அவை கிடைக்கின்றன. அதில் இருக்கும் 100-ஐ மீட்டர் என்று எடுத்தால் சரிவு 3.28 மடங்கு பெருகும்.

அலகு எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுவதற்குள் கண்டுபிடிக்க ஒரு வழி: தீபகற்ப இந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான், தொட்டபெட்டா 2,637. தென்னிந்தியத் தாளில் இதற்கு மேற்பட்ட உயர எண் எங்காவது கண்ணில் பட்டால், அந்தத் தாள் அடியில் பேசுகிறது. சமவெளித் தாள்களில் இந்தச் சோதனை உதவாது. அங்கே ஓரக்குறிப்பைத் தேடித்தான் ஆக வேண்டும். அலகு அடி என்று தெரிந்ததும் தூரத்தையும் மாற்ற மறக்காதீர்கள்: அந்தத் தாளில் 1 மி.மீ. என்பது 63 மீட்டர்.

அறிகுறி: ஒரே சரிவை இரண்டு முறை அளந்தால் இரண்டு விடை

இது நீலகிரி போன்ற இடங்களில் தவிர்க்க முடியாமல் வரும். கோடுகள் அரை மி.மீ. இடைவெளியில் நெருக்கமாக ஓடுகிற இடத்தில் அளவுகோலை வைக்கிறீர்கள். கண் கால் மி.மீ. தவறினால்கூட இடைவெளி 0.25-லிருந்து 0.75 மி.மீ. வரை எதுவாகவும் ஆகலாம். அதைச் சரிவாக மாற்றினால் 28 டிகிரியிலிருந்து 58 டிகிரி வரை. நடந்து ஏறக்கூடிய சரிவும் கயிறு தேவைப்படும் பாறையும் ஒரே அளவீட்டுக்குள் அடங்கிவிட்டன. அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

ஒற்றை இடைவெளியை அளப்பதை விட்டுவிட்டு, தடித்த கோட்டிலிருந்து அடுத்த தடித்த கோடு வரை அளங்கள். இப்போது 2.5 மி.மீ. வரும். அதே கால் மி.மீ. பிழை இருந்தாலும் விடை 36-லிருந்து 42 டிகிரிக்குள் நிற்கும். ஐந்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்ததால் கிடைத்த தெளிவு இது.

தடித்த கோடுகளை நம்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மிகச் செங்குத்தான இடங்களில் வரைபவர்கள் இடையில் உள்ள மெல்லிய கோடுகள் சிலவற்றை நிறுத்திவிடுவார்கள். எல்லாவற்றையும் போட்டால் மை ஒன்றாகிவிடும். மெல்லிய கோடுகளை எண்ணி உயரம் கணக்கிட்டவருக்கு, எங்கே மலை உண்மையில் செங்குத்தோ அங்கேதான் சரிவு குறைத்துக் காட்டப்படும்.

ஒரு துண்டு அட்டையின் ஓரத்தில் இந்தக் குறிகளை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொண்டால் கணக்கே வேண்டாம். 1:50,000 தாளில், 100 மீட்டர் தடித்த கோடுகளுக்கு இடையே 11.3 மி.மீ. இருந்தால் 10 டிகிரி. 7.5 மி.மீ. என்றால் 15. 5.5 மி.மீ. என்றால் 20. 4.3 மி.மீ. 25 டிகிரியைக் காட்டும், 3.5 மி.மீ. 30 டிகிரியை. 2.9 மி.மீ.க்குச் சுருங்கினால் 35 டிகிரி. வெறும் 2 மி.மீ. என்றால் 45 டிகிரி. அட்டையைத் தாளின் மேல் நகர்த்திப் பொருத்திப் பார்த்தால் போதும். சரிவு கூடக் கூடக் குறிகள் எவ்வளவு நெருங்குகின்றன என்பதைக் கவனியுங்கள்: 10 டிகிரிக்கும் 15-க்கும் நடுவே கிட்டத்தட்ட 4 மி.மீ., 30-க்கும் 35-க்கும் நடுவே அரை மி.மீ.தான். செங்குத்தான பகுதிகளில் ஒரு டிகிரி துல்லியம் பேசுவது வீண்.

அறிகுறி: வழிகாட்டிக் கையேடு சொல்லும் வகையும் என் எண்ணும் முட்டிக்கொள்கின்றன

விழுக்காடா, டிகிரியா என்று பாருங்கள். மண் பாதுகாப்புத் துறையில் பேச்சு விழுக்காட்டில் நடக்கும்: சம உயர வரப்பு 6 விழுக்காடு வரையிலான சரிவுக்கு, நிலத்தைப் படிகளாக வெட்டுவது 16 முதல் 33 விழுக்காட்டுக்கு என்பதுபோல. நிலச்சரிவு ஆய்வில் பேச்சு டிகிரியில் நடக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 14496 நெறிமுறை 15 டிகிரிக்குள் மிக மென்சரிவு, 16–25 மென்சரிவு, 26–35 நடுத்தரச் செங்குத்து, 36–45 செங்குத்து, 45-க்கு மேல் பாறைமுகம் என்று பிரிக்கிறது. 33 விழுக்காடு என்பது 18 டிகிரி. 33 டிகிரி என்பது 65 விழுக்காடு. ஓர் அட்டவணையின் எண்ணை இன்னொன்றில் போட்டுப் பார்த்தால் நிலம் ஒன்றிரண்டு வகுப்புகள் தாவிவிடும்.

45 டிகிரி என்பது 100 விழுக்காடு. 100 விழுக்காடு என்றால் செங்குத்துச் சுவர் என்று நினைத்துவிட வேண்டாம். 20 டிகிரிக்குள் இருக்கும் சரிவுகளுக்கு விழுக்காட்டைப் பாதியாக்கி ஒன்றிரண்டு கூட்டினால் டிகிரி ஓரளவு வந்துவிடும். அதற்கு மேல் அந்தக் குறுக்குவழி கைகொடுக்காது, கால்குலேட்டரில் தலைகீழ் டான் (tan⁻¹) பொத்தானை அழுத்துங்கள்.

அறிகுறி: ரயிலும் பேருந்தும் ஏறுகிற இடம், தாளில் மட்டும் செங்குத்து

அல்லது தலைகீழாக: கணக்கில் மென்சரிவு வந்தது, போய்ப் பார்த்தால் நிற்கவே முடியவில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்று. சரிவு என்பது எந்தத் திசையில் அளந்தோம் என்பதைப் பொறுத்தது.

கல்லாற்றிலிருந்து குன்னூர் வரையிலான மலை ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1899-ல் ஓடத் தொடங்கிய இந்தப் பகுதியில் பல்சக்கரம் பிடித்து ஏறும் இடங்களிலும் பாதையின் அதிகபட்ச ஏற்றம் 12-க்கு 1, அதாவது 8.3 விழுக்காடு, 5 டிகிரிக்கும் கீழே. ரயிலுக்கு அது மிகப் பெரிய ஏற்றம். ஆனால் அந்தத் தண்டவாளம் ஓடுகிற மலைப்பக்கத்தை, தண்டவாளத்துக்குக் குறுக்கே, கோடுகளுக்குச் செங்கோணத்தில் அளந்தால் அதைப் போலப் பல மடங்கு வரும். பாதை கோடுகளை மிகச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. மழைநீர் அப்படிப் போவதில்லை, கோடுகளை நேராக வெட்டி இறங்குகிறது. மலையின் சரிவு என்று நாம் சொல்வது நீர் இறங்கும் அந்தத் திசையின் சரிவைத்தான்.

அளவுகோலைக் கோடுகளுக்குச் செங்கோணத்தில் வைக்காமல் 45 டிகிரி திருப்பி வைத்தால், உண்மைச் சரிவில் 70 விழுக்காடுதான் விடையாக வரும். 60 டிகிரி திருப்பினால் பாதி. கோடுகள் வளைந்து திரும்பும் மலைமூக்குகளிலும் (மலை முன்னால் துருத்தும் இடங்கள்) பள்ளங்களிலும் இந்தப் பிழை தானாகவே நுழையும். அங்கே ஒவ்வொரு தடித்த கோட்டு இடைவெளிக்கும் அளவுகோலைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும்.

பாதையின் ஏற்றம்தான் வேண்டும் என்றால் வேறு வேலை. ஒரு காகிதத் துண்டின் விளிம்பைப் பாதையின் வளைவுகளோடு சிறிது சிறிதாகத் திருப்பி, அது ஒவ்வொரு தடித்த கோட்டை வெட்டும் இடத்திலும் ஒரு குறி போடுங்கள். குறிகளுக்கு இடையிலான தூரம் பாதையின் தூரம். நூல் வைத்து அளப்பதைவிட இது நல்லது, நூல் இழுபடும்.

அறிகுறி: சராசரி சரி, வழியில் மட்டும் ஆள் திணறுகிறார்

கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,300 மீட்டர். ரயில் அதை 20 கிலோமீட்டருக்குள் ஏறுகிறது. நேர்கோட்டுத் தூரம் அதில் ஏறக்குறைய பாதிதான். 1,300-ஐ 10,000-ஆல் வகுத்தால் 13 விழுக்காடு, 7 டிகிரி சொச்சம். தாளில் அந்தப் பள்ளத்தாக்கின் இரு பக்கமும் கோடுகள் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தவர் யாரும் அந்த 7 டிகிரியை நம்பமாட்டார். கணக்கு சரிதான், ஆனால் தட்டையான அடிவாரமும் பள்ளத்தாக்கின் நடுவே வரும் மேடைகளும் செங்குத்தான பக்கங்களும் எல்லாம் கலந்த ஓர் எண் அது. எந்த இடத்தையும் அது விவரிக்கவில்லை.

கோட்டு அடர்த்தி மாறும் இடத்தில் எல்லாம் அளக்கும் வழியை முறித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக வகுங்கள். அறிக்கையில் சராசரியோடு மிகச் செங்குத்தான துண்டின் சரிவையும் அதன் நீளத்தையும் எழுதுங்கள். முடிவெடுக்கிறவருக்குத் தேவை அதுதான்.

துண்டுகளின் வரிசையும் பேசும். மேலே நெருக்கம், கீழே விலகல் என்றால் குழிந்த சரிவு. அடியிலிருந்து உச்சி தெரியும். கீழே நெருக்கம், மேலே விலகல் என்றால் குவிந்த சரிவு. ஏறுகிறவருக்கு உச்சி போலத் தெரிவது உச்சியாக இருக்காது, மேலே இருப்பவருக்கு அடிவாரம் தெரியாது.

அறிகுறி: தாளில் இல்லாத பாறைமுகம் களத்தில் இருக்கிறது

20 மீட்டர் இடைவெளிக் கோடுகளுக்குள் 15 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று முழுதாக மறைந்துகொள்ளலாம். அதற்கு மேலும் கீழும் நிலம் தட்டையாக இருந்தால், கோடுகள் அழகாக விலகியே ஓடும். இது தாளின் குற்றம் கிடையாது. இரண்டு கோடுகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று சம உயரக் கோடு எப்போதுமே உறுதி தருவதில்லை. பாறைக் குறியீடுகள், நீர்வீழ்ச்சிக் குறி, ஓடை திடீரென நேராவது ஆகியவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 1:25,000 தாள் கிடைத்தால் எடுங்கள். ஆனால் அதில் 10 மீட்டர் இடைவெளி என்றால் கோடுகளின் நெருக்கம் 1:50,000 தாளில் இருந்தது போலவே தெரியும் என்பதை எதிர்பாருங்கள்: 40 விழுக்காட்டுச் சரிவுக்கு இரண்டிலும் அதே 1 மி.மீ.தான்.

செயற்கைக்கோள் தரவிலிருந்து மென்பொருள் வரைந்த கோடுகள் என்றால் மறைவு இன்னும் பெரிது. 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவு, பல இலவசப் படங்களுக்கு அடிப்படை. அதில் ஒரு செல், அதாவது ஓர் உயர எண் பதிவாகும் சதுரக் கட்டம், ஏறத்தாழ 30 மீட்டர். 20 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று 30 மீட்டருக்குப் பரவி 34 டிகிரிச் சரிவாகிவிடும். சரிவு கணக்கிடும் நிரல் பக்கத்துச் செல்களையும் சேர்த்துக்கொள்வதால் அதற்கும் கீழே போகும். தவிர, அந்த ரேடார் அடர்ந்த மரக்கூட்டத்தில் தரையை முழுதாகத் தொடவில்லை. சோலைக்காடும் புல்வெளியும் சந்திக்கும் விளிம்பில் இல்லாத ஒரு மேடு தோன்றினால், பெரும்பாலும் அது மரத்தின் உயரம்.

அறிகுறி: ஏற்றம் எதிர்பார்த்த இடத்தில் இறக்கம்

சரிவின் அளவு சரி, திசை தப்பு. கோடுகள் "வி" வடிவில் மடங்கும் இடத்தில் ஓடை இருந்தால் அதன் முனை மேட்டைக் காட்டும். ஓடை வரையப்படாத இடத்தில் அருகிலுள்ள இரண்டு தடித்த கோடுகளின் எண்களைப் படியுங்கள். வடிவத்தை வைத்து ஊகிக்காதீர்கள். மலைமூக்கும் பள்ளத்தாக்கும் ஒரே வடிவில்தான் மடங்கும்.

அறிகுறி: தாளின்படி மென்சரிவு, ஆனால் வீட்டுக்குப் பின்னால் மண் சரிகிறது

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையின் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைநகரங்களில் மண் சரியும் இடங்களைப் பார்த்தால், சாலைக்காகவும் வீட்டுக்காகவும் மலையை வெட்டிய செங்குத்து முகங்கள் திரும்பத் திரும்ப வரும். வீட்டின் முதுகில் 4 மீட்டர் நிமிர்ந்து நிற்கும் மண்வெட்டு 20 மீட்டர் கோட்டில் ஒருநாளும் தெரியாது. தாள் அளவிடப்பட்ட ஆண்டுக்குப் பிறகு வந்த சாலையும் கல்குவாரியும் அதில் இல்லை. ஓரத்தில் அச்சாகியிருக்கும் அளவீட்டு ஆண்டைப் பாருங்கள்; பிறகு அந்த இடத்துக்குப் போய், ஏப்னி லெவலோ (சரிவுக் கோணம் அளக்கும் கைக்கருவி) கைபேசியின் சாய்வுமானியோ வைத்து வெட்டுமுகத்தைத் தனியாக அளங்கள். தாளின் எண்ணும் வெட்டின் எண்ணும் குறிப்பில் இரண்டு வரிகளாகவே இருக்கட்டும், சராசரி எடுக்க வேண்டாம்.

வெட்டே இல்லாத இடத்திலும் ஒரு கேள்வி பாக்கி. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்த மண்பெருக்கு, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, ஆற்றின் வழியே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடியது. ஆற்றோரம் வீடு இருந்த இடத்தில் மட்டும் சரிவை அளந்திருந்தால் பயப்பட ஒன்றும் தெரிந்திருக்காது. ஆகவே, பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் ஒரு மனையைப் பார்க்கும்போது, டிகிரிக் குறிகள் போட்ட அட்டையை மனையில் வைத்ததோடு நிறுத்தாதீர்கள். மனைக்குப் பக்கத்து ஓடையைப் பென்சிலால் மேல்நோக்கித் தொடருங்கள். கிளை பிரியும் இடத்தில் ஒவ்வொரு கிளையையும் நீர்பிரி முகடு வரை கொண்டுபோங்கள். தடித்த கோடு தோறும் முறித்து, ஒவ்வொரு துண்டின் சரிவையும் ஓரத்தில் எழுதுங்கள். முகட்டுக்குக் கீழே 30 டிகிரிக்கு மேற்பட்ட துண்டுகள் வரிசையாக இருந்து, அவை ஒரே ஓடையில் வடிந்து, அந்த ஓடை உங்கள் மனைக்கு மேலே சட்டென்று 10 டிகிரிக்குக் கீழ் தணிந்தால், மேலிருந்து வருவது தங்கும் இடம் அந்த மனையாக இருக்கலாம். புவியியலாளர் ஒருவரை அழைத்து அந்தத் தாளை விரித்துக் காட்டிய பிறகே முன்பணம் கொடுங்கள்.